ரோசம்மாளின் இடது கை

மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்கு நோயாளிகளை வைத்து நடத்தும் தேர்வு காலை ஒன்பது மணிக்குத் தொடங்கியது. மூன்றாம் கட்டிலில் நோயாளி ரோசம்மாள் இடது கையைத் தலையணைமேல் தனியாக வைத்திருந்தாள். டயாலிசிஸுக்காக அந்தக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்திருந்தார்கள். தொட்டால் உள்ளே தையல் மிஷின் ஓடுவதுபோல் அதிரும். பதினான்கு வருடங்களாக அது நிற்கவில்லை. இந்தக் கல்லூரியில் படித்தவர்கள் எல்லாரும் அதைத் தொட்டுப் பார்த்துத்தான் டாக்டர் ஆனார்கள் என்பாள்.

மாணவன் இர்ஃபான் பிரஷர் பார்க்கும் பட்டையை அந்தக் கையிலேயே சுற்ற வந்தான். இறுக்கினால் ஓட்டம் நின்றுவிடலாம். ரோசம்மாள் கையை இழுத்துக்கொண்டாள்.

"இது என் உசுரு தம்பி. இந்தா, வலது கை."

அவன் கட்டிலின் மறுபக்கம் போனான். வலது கையில் கட்டினான். நூற்றைம்பதுக்குத் தொண்ணூறு என்று சரியாகவே சொன்னான்.

தேர்வாளர் பேனாவைத் திறந்தார். "மொதல் தப்பே போதும்பா. அடுத்த தடவை வா."

இர்ஃபான் பட்டையைச் சுருட்டத் தொடங்கினான். ரோசம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்து, இடது கையைத் தேர்வாளர் பக்கம் நீட்டினாள்.

"தொட்டுப் பாருங்க சார், இன்னும் நல்லா ஓடுது. நீங்க பரீட்சைக்கு வந்தப்பவும் பட்டையை இதுலதானே சுத்த வந்தீங்க?"