ஒன்பதாம் நம்பர் செல்

ஒர்க்‌ஷாப் மேசையில் மூன்று பேட்டரிகள் இருந்தன. மூன்று மாதமாகப் பேட்டரி இல்லாமல் நின்ற நீல ஹைபிரிட் கார், "நீங்கல்லாம் எங்கேருந்து வர்றீங்க?" என்று கேட்டது.

"கம்பெனியிலேருந்து நேரா வர்றேன். இன்னும் ஒரு மேடுகூட ஏறினதில்லை," என்றது புது பேட்டரி.

"லாரி மோதி நசுங்கின கார்லேருந்து என்னைக் கழட்டினாங்க. எனக்கு ஒண்ணும் ஆகலை," என்றது அடுத்தது. மூலையில் ஒட்டியிருந்த மண்ணை அது மறைக்கக்கூட இல்லை.

மூன்றாவது, பழைய பேட்டரிகளைப் பிரித்து, புது செல்லும் கலந்து சேர்த்த பேட்டரி. உள்ளே பாதி செல் பழசு. மேலே மட்டும் பளபளவென்று புது ஸ்டிக்கர். இரண்டாவதன் மண்ணைப் பார்த்ததும், தானும் பழசு என்று சொல்ல முடியாமல் அதை வெட்கம் பிடுங்கித் தின்றது. "நானும் புதுசுதான். ஆனா எந்த மேடும் ஏறுவேன்," என்று சொல்லிவிட்டது.

கார் நம்பிவிட்டது. மெக்கானிக் அதையே பொருத்தினார்.

முதல் மேட்டிலேயே, உள்ளே ஒரு பழைய செல் விக்கி விக்கி மூச்சு வாங்கியது. கார் திடுக்கிட்டது.

"இப்படி மூச்சு வாங்கறது எங்க ஒன்பதாம் நம்பர் செல்லாச்சே! என் பழைய பேட்டரியில எட்டு வருஷம் என்கூட ஓடினது. உனக்குள்ளேயா இருக்கு?"

பேட்டரி வெட்கத்தில் சூடேறியது.

"முதல்லேயே சொல்லியிருக்கலாமே. மத்த ரெண்டையும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்," என்றது கார், கொஞ்சமும் கோபமில்லாமல். "சரி, மெதுவாவே போறேன். அதுக்கு மூச்சு வரட்டும்."

மேடு முடிந்து இறக்கம் வந்தது, எதிர்க்காற்றும் நன்றாக அடித்தது. பேட்டரியின் சூடு மட்டும் தணியவே இல்லை.