மூன்றாவது டிக்கெட்

"அண்ணி, நீங்களும் எங்ககூட வர்றீங்க. குட்டியைப் பார்த்துக்க ஆள் வேணும்ல?"

டீச்சர் இப்படிப் பட்டென்று சொன்னதும் அவள் புருஷன் மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வடதுருவ வெளிச்சத்தைப் பார்க்கப் போகிற பேச்சுதான் வீட்டில் இப்போதெல்லாம். ராத்திரி வானத்தில் பச்சையும் ஊதாவுமாக வெளிச்சம் ஆடுமாம். அங்கே போயும் தன் அக்கா பிள்ளையைப் பார்த்துக்கொண்டு உட்காரணுமா?

அக்கா தையல் மிஷினை நிறுத்தினாள். "நானா? அவ்வளவு தூரமா?"

"ஆமா. நாங்க வெளியில நின்னு பார்க்கறப்போ குட்டி ரூம்ல தனியாவா இருப்பான்?"

"அதானே! சின்னப் பிள்ளையைத் தனியா விடலாமா? நான் வர்றேன்."

டீச்சர் போனில் வீடியோவைப் போட்டுக் காட்டினாள். அக்கா வாயைப் பிளந்தாள்.

"அம்மாடியோ! இந்தப் பச்சையில நூல் எந்தக் கடையிலயும் கிடைக்காதும்மா!"

அவ்வளவுதான், வீடு இரண்டுபட்டது. குளிருக்குக் கோட்டு தைத்தே தீருவேன் என்று அக்கா டேப்போடு கிளம்பிவிட்டாள்.

"டேய் தம்பி, கையைத் தூக்கு. உன் தொப்பைக்கே ஒரு மீட்டர் ஆகும் போலிருக்கே!"

மெக்கானிக் கையைத் தூக்கினானே தவிர, மூஞ்சியை உர்ரென்றே வைத்திருந்தான்.

"அடுத்து குட்டி. வாடா ராஜா!"

"அவனுக்கு அப்புறம் தைக்கலாம் அண்ணி. முதல்ல உங்களுக்குத் தைங்க."

"எனக்கு எதுக்கு? ரூமுக்குள்ளதானே இருக்கப் போறேன். ஜன்னல் வழியா கொஞ்சம் தெரிஞ்சா போதாதா?"

"குட்டி அடம்பிடிச்சா வெளியில தூக்கிட்டு வரணுமே. தைங்க, தைங்க!"

மெக்கானிக்கால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. மனைவியைச் சமையலறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினான்.

"உனக்கு மனசாட்சியே கிடையாதா? என்னைத் தூக்கி வளர்த்தவ அவ. இப்போ என் பிள்ளையையும் தூக்கிக்கிட்டு அங்க போய் ரூமுக்குள்ள உட்காரணுமா?"

"கத்தாதீங்க. குட்டி வரலை. அந்தக் குளிர்ல அவனை எப்படிக் கொண்டுபோறது? எங்கம்மா வீட்டுல விட்டுட்டுப் போறோம். அம்மாகிட்ட பேசியாச்சு, ஏர்போர்ட்டுக்கே வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்க."

"அப்போ அக்கா?"

"கடற்கரைக்குக் கூப்பிட்டப்போ என்ன சொன்னாங்க? 'தைக்கற துணி குவிஞ்சு கிடக்கு'ன்னாங்க. பையைப் பார்த்துக்க ஆளில்லைன்னு சொன்னதும் செருப்பை மாட்டிக்கிட்டு முதல் ஆளா வந்து நின்னாங்க. வேலைன்னு சொன்னாத்தாங்க உங்க அக்கா வாசலைத் தாண்டுவாங்க."

"ஏர்போர்ட்ல விஷயம் தெரிஞ்சா உன்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாளே?"

"பண்ணட்டும். பெட்டி உள்ளே போயாச்சுன்னா அப்புறம் எங்க திரும்புறது?"

மெக்கானிக்குக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணும் கலங்கியது. வெளியே மிஷின் தடதடவென்று ஓடத் தொடங்கியிருந்தது. அக்கா தன் கோட்டைத்தான் தைத்துக்கொண்டிருந்தாள், குட்டிக்கு ஏதோ பாட்டு வேறு.

"அவளைக் கூட்டிட்டுப் போகணும்னு எனக்கும் உள்ளுக்குள்ள ஆசைதான் தெரியுமா?" என்றான்.

"அப்படியா?" என்றாள் டீச்சர். "முதல்ல என்னை ரெண்டே ரெண்டு டிக்கெட்தானே பார்க்கச் சொன்னீங்க? குட்டியை யார்கிட்ட விட்டுட்டுப் போறதா இருந்தீங்க?"