குட்டிக்குப் பசிக்கும்

மழைக்காலம் முடியும் தறுவாய். அந்தி மங்கி வந்த நேரம். காய்ச்சல் வேகத்தில் அவர் மறுபடியும் பிதற்றினார்.

"குட்டிக்குப் பசிக்கும்... கதவைத் திறக்கணும்..."

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்ற மனைவியின் முகம் சுண்டிப்போயிற்று.

"அத்தானுக்கு இந்த வயசுல ஒரு குட்டியா அக்கா!" என்றாள் தங்கை. "கையைப் பாரு, நகக்கீறல் வேற."

"வாயை மூடுடி."

உள்ளே வந்த பெண் டாக்டர் குரலைத் தாழ்த்தினார்.

"இதய வால்வுல கிருமி கூடு கட்டியிருக்கு. எக்கோ ஸ்கேன்ல தெரியுது. ஆனா ரத்தத்தை எடுத்து எத்தனை தடவை கிருமியை வளர்த்துப் பார்த்தாலும் பாட்டில்ல ஒண்ணும் முளைக்கல. சில கிருமி அப்படித்தான். ஆளைத் தின்னும், பாட்டில்ல வளராது. எதுன்னு தெரியாமக் குடுக்கற மருந்து கேக்கல. அவர் எங்க போவார், எதோட புழங்குவார்? யோசிச்சுச் சொல்லுங்க. ரொம்ப நாள் தாங்க மாட்டார்."

"வேலை விட்டா வீடு. வேற ஒண்ணும் இல்ல டாக்டர்."

அந்த நேரத்தில் அவளுக்கு மானம்தான் பெரிதாகப் பட்டது.

ஆனால் மனம் ஆறவில்லை. மூடிக்கிடந்த ஓர் அச்சகத்துக்கு அவர் காவலாளி. அதன் சாவியை எடுத்துக்கொண்டு நேரே அங்கே போனாள். அந்தக் குட்டியை இன்று நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை.

சாவியை நுழைத்தபோது, உள்ளே ஒரு பச்சைக் குழந்தை அழுதது.

அவள் கதவில் காதை வைத்தாள். பிறந்த வாரமே அடங்கிப்போன தன் பிள்ளையின் குரல்!

கதவு திறந்தது. இருட்டில், அச்செழுத்துப் பெட்டிகளுக்குள்ளிருந்து கண்கள் ஒவ்வொன்றாக விழித்தன. அழுகை நகர்ந்து காலடிக்கு வந்தது. ஏதோ ஒன்று புடவையைக் கீறிக்கொண்டு மேலே ஏறியது.

பூனைக்குட்டி.

மூச்சிரைக்க ஆஸ்பத்திரிக்குத் திரும்பினாள்.

"டாக்டர், அவர் குட்டி குட்டின்னு பிதற்றினது... பூனைக்குட்டியை!"

"இதை முதல்லயே சொல்லக் கூடாதாம்மா?" டாக்டர் அவர் கையைத் திருப்பிக் கீறல்களைப் பார்த்தார். "பூனை நகத்தால வர்ற கிருமி ஒண்ணு உண்டு. அதுக்குத் தனி ரத்தப் பரிசோதனை இருக்கு."

பரிசோதனை அதையே சொன்னது. மருந்து மாறியது, காய்ச்சல் இறங்கியது.

"எங்கிட்ட ஏன் மறைச்சீங்க?"

அவர் கைக் கீறலைத் தடவிக்கொண்டார்.

"நம்ம வீட்டுப் பரண்ல பிறந்ததுங்கதான். அதுங்க அழறப்பல்லாம் நீ தூக்கத்துல எழுந்து தொட்டிலைத் தேடினே. விடிஞ்சா உனக்கு நினைவே இருக்காது. அதான், உன் காதுல விழாத இடமாப் பார்த்துத் தாயோட தூக்கிட்டுப் போனேன்."

அன்று மாலையே அச்சகத்து முனைப் பால்கடையில், வரும் மாதம் முழுமைக்குமான பால் காசை அவள் முன்பணமாகக் கட்டினாள்.