படம் பார்க்க வந்தவர்

அந்த ஆள் இன்றைக்கும் ஓர் இளைஞனின் போட்டோவைத் திறந்தார். திறந்த கையோடு நாற்காலியை விட்டு எழுந்து, விறுவிறுவென்று வாசலுக்குப் போய் நின்றுகொண்டு, அங்கிருந்து கம்ப்யூட்டரையே பார்த்தார்.

கல்லாவில் உட்கார்ந்திருந்த சுலைமான் விரல் விட்டு எண்ணினார். போன வாரம் மீசைக்காரன். முந்தாநாள் கண்ணாடிக்காரன். இன்றைக்குச் சுருட்டை முடி. ஐம்பது வயதைத் தாண்டிய மனிதருக்குத் தினம் ஒரு பையனின் படத்தில் அப்படி என்ன வேலை?

புதுப்பட்டினம் பஜாரில் சுலைமான் நடத்துகிற நெட் சென்டர் சின்னதுதான், மொத்தமே நாலு கம்ப்யூட்டர். அதில் மூணாம் நம்பர் போன வாரம் படுத்துவிட்டது. சும்மா படுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. அதில் மெயில் பார்த்துவிட்டுப் போன சிலைக்கடை முத்துசாமியின் பாஸ்வேர்டு எவன் கைக்கோ போய், அவருடைய வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும் கன்னாபின்னாவென்று மெயில் பறந்திருந்தது.

முத்துசாமி நேராக ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். இன்னொரு புகார் வந்தால் கடைக்குப் பூட்டுதான் என்று ஏட்டு சம்பத் சொல்லியிருந்தார். சுலைமானுக்கு இந்தக் கடையை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது.

ரிப்பேருக்கு வந்த மெக்கானிக் அன்றைக்கே விஷயத்தைச் சொன்னான். "போட்டோக்குள்ள வைரஸ ஒளிச்சு அனுப்புறானுங்க பாய். கம்ப்யூட்டர் படத்தக் காட்டுற விதத்துலயே ஒரு ஓட்ட கீது. படத்தத் தொறந்து பாத்தாலே போதும், உள்ள பூந்துடும்."

அன்றிலிருந்து சுலைமானின் கண் இந்த ஆள் மேலேயேதான். ரிஜிஸ்டரில் கேசவன், அணுபுரம் குவார்ட்டர்ஸ் என்று எழுதியிருந்தார். வீட்டிலேயே கம்ப்யூட்டர் இருக்கிறதென்று அவர் வாயாலேயே ஒருநாள் சொன்னதுண்டு. அப்புறம் எதற்கு மெனக்கெட்டு பஸ் ஏறி இங்கே வரவேண்டும்?

போதாததற்கு, உள்ளே நுழையும்போதே தினமும் ஒரு கேள்வி.

"பாய், நேத்து நான் உக்காந்த மெஷின் நல்லா ஓடுதா?"

"ஓடுது சார்."

"வேற யாருக்கும் ஒண்ணும் தொந்தரவு இல்லையே?"

"இல்ல சார்."

கேட்டதும் அவர் முகம் தெளிந்துவிடும். மூணாம் நம்பரில் மீசைக்காரனைத் திறந்த மறுநாள், அது படுத்துவிட்டதென்று கேட்டபோது மட்டும் அந்த முகம் வெளுத்துப் போனதைச் சுலைமான் கவனித்திருந்தார். செய்வதையும் செய்துவிட்டு விசாரிப்பு வேறு.

இதற்கு மேல் பொறுப்பதற்கில்லை. சுலைமான் போனை எடுத்து மெதுவாக ஏட்டைக் கூப்பிட்டு, மீசைக்காரன் முதல் எல்லாவற்றையும் சொன்னார். கேசவன் படத்தை மூடிவிட்டுக் கிளம்புவதற்குள் பைக் வாசலில் வந்து நின்றது.

"இன்னா சார், டெய்லி ஒரு பையன் படத்தப் பாத்துகினு கீறீங்களாமே. யாரு இவனுங்கல்லாம்?" சம்பத் வழியை மறித்துக்கொண்டு கேட்டார்.

கேசவன் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "தெரியாது சார். யாரையும் நேர்ல பாத்ததில்ல."

"தெரியாதவன் படம் உங்களுக்கு எதுக்கு வருது?"

"மெயில்ல அனுப்புறாங்க சார்."

"தொறந்துட்டு வாசலுக்கு இன்னாத்துக்கு ஓடுறீங்க?"

"ஒரு பயம்தான் சார். படத்துல வைரஸ் வருதுன்னு பேப்பர்ல போட்டிருந்தானே."

சுலைமானுக்குச் சுர்ரென்று ஏறியது. "தெரிஞ்சேதான் என் மெஷின்ல தொறந்தியா? உங்க வூட்ல கம்ப்யூட்டர் இல்ல?"

மரியாதை கெட்டதைக் கேசவன் கண்டுகொள்ளவில்லை. தலை குனிந்தபடியே எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டார். "வீட்டுக் கம்ப்யூட்டர்ல என் பொண்ணோட காலேஜ் புராஜெக்ட் முழுக்க இருக்கு பாய். அது போச்சுன்னா அவ ஒரு வருஷம் போச்சு. அதான் எந்தப் படம் வந்தாலும் முதல்ல இங்க தொறந்துடறது. ஒரு நாள் விட்டுப் பாத்து, மெஷினுக்கு ஒண்ணும் ஆகலைன்னாதான் வீட்ல தொறப்போம்."

"அவ வருஷம் போவக் கூடாது, என் கடை போனா பரவாயில்லையா?" சுலைமான் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். "சிலைக்கடை முத்துசாமி புகார் குடுத்ததுலேர்ந்து ஒரு வாரமா சோறு எறங்கல சார் எனக்கு. எப்ப வந்து பூட்டுவாங்களோன்னு உக்காந்துகினு கீறேன்."

கேசவன் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "தப்புதான் பாய். முத்துசாமிகிட்டயும் ஸ்டேஷன்லயும் நானே வந்து எழுதிக் குடுத்துடறேன்."

"அதக் குடுங்க மொதல்ல. கடைக்கு ஒண்ணும் ஆவாது பாய், நீ வுடு." ஏட்டு பாக்கெட்டிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார். "மூணாம் நம்பரப் படுக்க வச்சானே அந்த மீசக்காரன், அவன் பேரு, அட்ரஸச் சொல்லுங்க. எங்க கீறான் இப்ப?"

கேசவன் பெருமூச்சு விட்டார்.

"பத்துப் பொருத்தத்துல ஒம்போது பொருந்துச்சு சார், மெஷின் படுத்துடுச்சுன்னு வீட்ல அந்த மாப்பிள்ளைய வேணாம்னுட்டாங்க."