எழுந்து வராத லினக்ஸ்

க்ளிக்.

பால் புட்டியைக் கழுவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. கணவன் குளிக்கப் போயிருக்கிறான். மாமியார் குழந்தையோடு பால்கனியில். இருட்டின பிறகு, ஆளில்லாத அறையிலிருந்து மௌஸ் சத்தம்!

பேய் பிசாசையெல்லாம் நம்புகிறவள் இல்லை அவள். ஆனால் காலையிலிருந்து நடப்பது எதுவுமே புரியவில்லை.

நாளைக்கு இன்டர்வியூ. குழந்தை பிறந்ததும் விட்ட வேலை, வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று திரும்ப வந்திருக்கிறது. கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர், அதுதான் வர்ச்சுவல் மெஷின், உருவாக்கி அதில் லினக்ஸ் ஏற்றி வைத்திருக்க வேண்டும். இன்டர்வியூ எடுப்பவர்கள் கண்முன்னால் அதில் வேலை செய்து காட்ட வேண்டும்.

ஏற்றினாள். ஓடியது. அணைத்துவிட்டு, குழந்தைக்குப் பசியாற்றிவிட்டு வந்து திறந்தால் கறுப்புத் திரை. பூட் ஆவதற்கு ஒன்றுமே இல்லை என்று ஒரு வரி.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றினாள். ஓடியது. துணி மடித்துவிட்டு வந்தால் மறுபடி கறுப்பு.

"பூட்லோடர் காணாமப் போகுதுங்க. லினக்ஸை எழுப்பிவிடறதே அதுதான். அது எப்படிங்க தானாப் போகும்?"

கணவனுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில்தான் வேலை. அன்பாகத் தலையைத் தடவினான். "எதையாவது விட்டிருப்ப. பிள்ளை பெத்த உடம்பு, மறதி இருக்கத்தான் செய்யும். இப்ப என்ன அவசரம்? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்டா."

மாமியாருக்கு அந்த மாதிரிப் பேச்செல்லாம் வராது. "அந்தப் பொட்டியையே கட்டிக்கிட்டு அழு. இங்க ஒண்ணு தொட்டில்ல கிடந்து கத்துதே, காதுல விழுதா?"

தப்பு எங்கே நடந்தாலும் முதலில் தன் பக்கம் தேடுவது கான்வென்ட்டில் ஊறிய பழக்கம். ஒருவேளை நிஜமாகவே என் மூளைதான்...

க்ளிக். மறுபடியும்.

ஈரக் கையோடு ஓடினாள்.

மேஜைக்கு முன்னால் மாமியார். தோளில் குழந்தை. திரையில் வர்ச்சுவல் மெஷினின் செட்டிங்ஸ் திறந்து கிடந்தது. மெஷின் எந்த வழியில் பூட் ஆக வேண்டும் என்று சொல்லும் 'இஎஃப்ஐ' என்ற கட்டத்தில் அவள் போட்டிருந்த டிக்கைக் காணோம். அதை எடுத்துவிட்டால் போதும். பூட்லோடர் இருந்த இடத்திலேயே இருந்தாலும் மெஷினின் கண்ணுக்கு அது தெரியாது. தன் கையால் போட்ட டிக், அதைப் போய் யார் திரும்பப் பார்ப்பார்கள்?

"அத்தை... நீங்களா?"

மாமியார் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

அறையை ஒட்டிய குளியலறைக் கதவு திறந்தது. முகத்தைத் துடைத்தபடி கணவன். "ஏம்மா, அதை ஏன் தொட்ட? பாவம், அவ எவ்வளவு கஷ்டப்பட்டு..."

"வெளிய போ" என்றாள் மாமியார்.

தன்னைத்தான் சொல்கிறாள் என்று அவள் வாசலைப் பார்த்து நடந்தாள்.

"நீ எங்க கிளம்பிட்ட? உக்காரு!" மாமியார் மகனிடம் திரும்பினாள். "உன்னைத்தான்டா சொன்னேன். நான் வர்றதைப் பாத்ததும் எலி மாதிரி பாத்ரூமுக்குள்ள பூந்தியே, உன்னைத்தான்."

"அம்மா, அது வந்து... குழந்தை பாவம்னுதான்..."

"என் டைப்ரைட்டிங் பரீட்சை அன்னிக்கு உங்கப்பா கடிகாரத்தைப் பின்னால திருப்பி வச்சாருடா. பரீட்சை போச்சு. நான்தான் சாவி குடுக்க மறந்துட்டேன்னு என் மேலயே பழியப் போட்டாரு. அவரா வாய்விட்டுச் சொல்ற வரைக்கும், எனக்குத்தான் புத்தி மந்தம்னு நம்பிக்கிட்டிருந்தேன்."

அவன் முதுகில் கை வைத்து வெளியே தள்ளினாள். பிறகு குழந்தையைத் தோளில் சாய்த்தபடியே, உள்ளே நின்று கதவைத் தாழ்ப்பாள் போட்டாள் மாமியார்.