சீனியர் யார்?

"நான்தான் சீனியர். கொடியை நான்தான் ஏத்துவேன்."

மீசை கர்னல் ஓங்கித் தட்டியதில் மேஜைமேல் இருந்த தண்ணீர் டம்ளர்கள் எல்லாம் ஒருமுறை துள்ளி உட்கார்ந்தன.

ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகள் சங்கத்தின் செயற்குழுக் கூட்டம் அது. செயலாளர் அம்மாவுக்குத் தர்மசங்கடமாகப் போய்விட்டது. அவரும் மேஜராக இருந்து ஓய்வுபெற்றவர்தான். எத்தனையோ அடங்காத ஆட்களைக் கட்டி மேய்த்திருக்கிறார். ஆனால் எண்பதைத் தொட்ட இரண்டு கர்னல்களை எப்படி அடக்குவது என்று எந்தப் பயிற்சியிலும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

விஷயம் இவ்வளவுதான். ஆண்டு விழாவில் கொடியேற்றும் கௌரவம், சங்கத்திலேயே மூத்த அதிகாரிக்கு. இதுவரை ஏற்றிவந்த பிரிகேடியர் மகள் வீட்டோடு போய்விட்டார். அடுத்தது நெட்டை கர்னல். அவரும் மீசை கர்னலும் ஒன்றாகச் சேர்ந்து, ஒன்றாகப் பதவி உயர்வு பெற்றவர்கள். பயிற்சியில் முதலாவதாகத் தேறியதால் நெட்டைதான் சீனியர். இது சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மீசைக்கும் தெரியும்.

தெரிந்துகொண்டேதான் இந்த வம்பு.

"பயிற்சியில காலை ஒடிச்சுக்கிட்டு பாதி நாள் படுக்கையில கிடந்தவன் இவன். அந்த நாளையெல்லாம் கழிச்சுப் பாருங்க, நான்தான் சீனியர்" என்றார் மீசை.

நெட்டை கர்னலும் லேசுப்பட்டவர் இல்லை.

"படுத்துக்கிட்டே உன்னை ஜெயிச்சேன்டா நான்" என்று எழுந்துவிட்டார். யாரோ அவரைத் தோளைப் பிடித்து உட்காரவைக்க வேண்டியதாயிற்று.

நகமும் சதையுமாக இருந்த மனிதர்கள். இப்படிச் சின்னப் பிள்ளைகள் மாதிரி மல்லுக்கு நிற்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. இந்த வயதில் மீசைக்கு எதற்கு இந்தப் பேராசை என்று உறுப்பினர்கள் ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். செயலாளர் அம்மா, முடிவை நாளை சொல்வதாகக் கூட்டத்தைக் கலைத்தார்.

மாலையில் நேராக மீசை கர்னல் வீட்டுக்கே போனார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனார்.

கதவைத் திறந்த அவர் மனைவி, "வாங்கம்மா, சண்டைக்காரர் உள்ளதான் இருக்கார்" என்று காட்டிவிட்டுச் சமையலறைக்குப் போனார்.

"தப்பா நினைக்காதீங்க சார். கொடியை உங்க நண்பர்தான் ஏத்தப்போறார். நீங்க கேக்கறது கொஞ்சமும் நியாயமில்லை."

மீசை கர்னல் கத்தவில்லை. எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"போன வாரம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேம்மா. வாசக் கதவு திறந்திருந்தது. உள்ளே சட்டைப் பொத்தானைப் போட முடியாம தடுமாறிக்கிட்டு நிக்கிறான். கை அப்படி நடுங்குது. நான் பார்த்தது அவனுக்குத் தெரியாது. சத்தமில்லாம வெளியே வந்து, அப்புறம்தான் மணியை அடிச்சேன்."

ஒத்திகை பார்த்து வந்த நாலு கேள்விகளையும் செயலாளர் அம்மா கைவிட்டார்.

"கயித்தைப் பிடிச்சான்னா மொத்தச் சங்கமும் அவன் கையைத்தான் பார்க்கும். முடியாதுன்னு அவன் வாயால சொல்லவும் மாட்டான்."

"அதுக்காக நீங்க இவ்வளவு கெட்ட பேர் எடுக்கணுமா சார்?"

"என்கிட்ட தோத்தா அவனுக்கு அவமானம் இல்லை. என்னை நல்லா திட்டித் தீர்த்துட்டுப் போயிடுவான். அந்தக் கயித்துக்கிட்ட தோத்தான்னா, அப்புறம் வீட்டை விட்டே வெளியே வரமாட்டான்."

செயலாளர் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனிதரைப் போய்ப் பேராசைக்காரர் என்று நினைத்தோமே என்று தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. டீ வந்தது. அது என்ன ருசி என்று தெரியாமலே குடித்துவிட்டுத் திரும்பினார்.

மறுநாள், கொடியேற்றுவது மீசை கர்னல்தான் என்று அறிவித்தார். செயலாளர் பயந்துவிட்டார், சத்தம் போடுகிறவருக்குத்தான் இந்தச் சங்கத்தில் காலம் என்று ஊரெல்லாம் பேச்சு. உண்மைக் காரணத்தைச் செயலாளர் அம்மா யாரிடமும் சொல்லவில்லை.

விழா நாள். மீசை கர்னல் கயிற்றை இழுத்தார், கொடி விரிந்தது. எல்லோரும் சல்யூட் அடித்தார்கள். கைதட்டல் மட்டும் ஒப்புக்குத்தான் வந்தது. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களே அதிகம்.

செயலாளர் அம்மா முன்வரிசையில் நெட்டை கர்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பாவம், அவருக்கு ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் போல இருந்தது.

"மன்னிச்சிடுங்க சார். உங்களுக்குச் சேரவேண்டிய மரியாதை இது. நீங்க அவ்வளவு வாதாடியும் என்னால ஒண்ணும் செய்ய முடியலை."

நெட்டை கர்னல் கொடியைவிட்டுக் கண்ணை எடுக்காமல் மெல்லச் சிரித்தார்.

"சர்வீஸ் முழுக்க ஒரு வாசல்லகூட எனக்கு முன்னாடி நுழையாதவன்மா அவன். கொடிக்கு மட்டும் முந்திக்கிட்டு வர்றான்னா, எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?"

செயலாளர் அம்மா திகைத்துப்போனார். "தெரிஞ்சும் ஏன் சார் அவர்கூட அப்படிச் சண்டை போட்டீங்க?"

"உடனே விட்டுக்கொடுத்திருந்தா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவன் கண்டுபிடிச்சிருப்பானேம்மா."