புல்லுக்கு வந்த நோய்

ராயபுரத்தில் பனியன் கம்பெனி நடத்திய மயில்சாமியின் வீட்டுப் புல்தரையில் வட்ட வட்டமாகப் பழுப்பு விழுந்தது. புதிதாக ஊருக்கு வந்திருந்த விவசாய ஆபீசர் சென்னிமலையைக் கையோடு அழைத்து வந்தார்.

புல்லைப் பராமரிப்பவள் மகள் அமராவதி. சென்னிமலை அவளிடம் கேட்டான்.

“விடியக்காலையில புல்லு மேல சிலந்திவலையாட்டம் வெள்ளையாப் படியுதுங்களா?”

“ஆமாங்க.”

“பூசணமுங்க. சாயங்காலம் தண்ணி விட்டா ராத்திரி பூரா ஈரம் நிக்கும். இனிமே காலையில மட்டும் விடுங்க. வெட்டுன புல்லையும் அங்கயே போட்டு வெக்காதீங்க.”

அமராவதி அப்படியே செய்தாள். பழுப்பு மறைந்தது. கொஞ்ச நாளில் திரும்பி வந்தது. மயில்சாமி மறுபடியும் ஆள் அனுப்பினார்.

“சொன்னபடிதானுங்க செஞ்சேன். உங்க வைத்தியந்தான் சரியில்லீங்க” என்று சிடுசிடுத்தாள் அமராவதி.

சென்னிமலைக்கு ரோஷம் வந்துவிட்டது. தினமும் விடிந்ததும் அவனே வந்து புல்லைச் சோதித்தான். இருவரும் குனிந்து பார்த்தார்கள், சண்டை போட்டார்கள், ஒருநாள் சேர்ந்து சிரித்தும் விட்டார்கள். தை மாதம் இருவருக்கும் நிச்சயதார்த்தம் முடிந்தது.

மறுநாள் மயில்சாமி ரப்பர் குழாயைச் சுருட்டி வைத்தார்.

“அப்பாடா! இனி சாயங்காலம் நீ கோயிலுக்குப் போறப்பல்லாம் நான் தண்ணி விட வேண்டியதில்லை கண்ணு.”

அமராவதி திகைத்தாள். “நீங்களா விட்டீங்க? ஏனுங்கப்பா?”

“பொண்ணு பாக்க வந்தவங்களையெல்லாம் கதவைச் சாத்தித் தொரத்திட்டே. அதான் இந்தப் பையனைப் புல்லு பாக்கக் கூட்டியாந்தேன்.”